ஜானி பிரைட்டின் தாடை



நினைவுச் சொற்பொழிவில் விளையாட்டைப் பற்றிப் பேசுவது நம் மேடைகளில் வழக்கமில்லை. நிலம், கல்வி, இலக்கியம், வன்கொடுமை வழக்குகள் என்றுதான் பேசிவந்திருக்கிறோம். இன்று நான் பேசப்போவதும் ஒரு வன்கொடுமையைப் பற்றித்தான். அது நடந்த இடம் அமெரிக்காவில் ஒரு கல்லூரி விளையாட்டு மைதானம். நாள், 1951 அக்டோபர் 20. கூடியிருந்த அத்தனை பேர் கண்ணெதிரே அது நடந்தது. அடித்தவர் யார் என்பது தெரியும். அடி விழுந்த கணம் படமாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் படங்களுக்குப் புலிட்சர் பரிசுகூடக் கிடைத்தது. ஆனாலும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அடிபட்டவர் பெயர் ஜானி பிரைட். கறுப்பினத்தவர். அப்போது வயது 21. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் சாதனைப் பட்டியலில் அவர் பெயர் அதற்கு முந்தைய ஆண்டே ஏறியிருந்தது.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாம் கால்பந்து என்று ஆடுவதை அமெரிக்கர்கள் சாக்கர் என்பார்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், தன் அணிக்காரருக்கு எறியலாம். எதிரணியினர் ஓடுபவரை உடலால் மோதிச் சாய்ப்பார்கள். மைதானம் 100 கெஜம். ஒவ்வொரு முறையும் எத்தனை கெஜம் முன்னேறினார்கள் என்பதுதான் கணக்கு. பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிச் சுவரைப் பிளந்து ஓடுபவர் ரன்னிங் பேக்; அந்நாளில் ஹாஃப்பேக் என்ற பெயரும் புழங்கியது. பந்து வைத்திருப்பவரை மோதி வீழ்த்துவது இந்த ஆட்டத்தில் குற்றமில்லை, அதுதான் ஆட்டமே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிரைட் 1930 ஜூன் 11 அன்று இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில் பிறந்தார். 1948இல் அயோவா மாநிலம் டெ மாய்ன் நகரிலுள்ள டிரேக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உதவித்தொகை தடகளத்துக்குத்தான் கிடைத்தது. கால்பந்து, கூடைப்பந்து அணிகளிலும் இடம்பிடித்தார். 1949இல் கால்பந்து அணிக்காக ஆடிய முதல் பருவத்திலேயே ஓடி 975 கெஜம், எறிந்து 975 கெஜம், மொத்தம் 1,950. நாட்டிலேயே அந்த ஆண்டு அதுதான் முதலிடம். மறு ஆண்டு, 1950இல், ஓடியது 1,232 கெஜம், எறிந்தது 1,168 கெஜம். மொத்தம் 2,400. அதுவரை எந்தக் கல்லூரி ஆட்டக்காரரும் ஒரே பருவத்தில் எட்டாத எண்ணிக்கை அது. ஓட்டம், எறிதல் இரண்டிலும் ஒரே பருவத்தில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டிய முதல் ஆளும் அவர்தான்.

இந்த எண்களில் நான் கொஞ்சம் நின்றுகொள்கிறேன். காரணம் இருக்கிறது. கெஜக்கோலுக்கு நிறம் தெரியாது. நடுவர் கோட்டிலிருந்து அளந்தால் வருவது வந்தே தீரும். ஆனால் அந்நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அளந்து கொடுக்கப்படுவதில்லை, வாக்களித்துக் கொடுக்கப்படுவது. 1951 வாக்கெடுப்பில் பிரைட்டுக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. அந்தக் கோப்பையை முதன்முதலில் ஒரு கறுப்பர், சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் எர்னி டேவிஸ், வாங்கியது 1961இல். எண்ணிக்கையில் முதலிடம் கிடைக்கும் இடத்திலும் எண்ணத்தில் கிடைக்காது என்பது தேர்வுக் கட்டத்தைத் தாண்டி நேர்முகத்தில் மதிப்பெண் குறைக்கப்பட்ட நம் மாணவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்காது.

டிரேக் ஒரு சிறிய பல்கலைக்கழகம். மிசூரி வேலி கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் அது இருந்தது; அதன் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆட்டம் வைத்துக்கொள்வார்கள். அதே கூட்டமைப்பில் ஓக்லஹோமா மாநிலம் ஸ்டில்வாட்டரில் இருந்த வேளாண், இயந்திரவியல் கல்லூரியும் இருந்தது. ஓக்லஹோமா ஏ அண்ட் எம் என்று சொல்வார்கள். 1957 முதல் அது ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம்.

அந்த ஓக்லஹோமா எப்படிப்பட்ட இடம்? கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் படிப்பதும், அப்படி வைத்துப் பாடம் நடத்துவதும் அங்கே சட்டப்படி குற்றமாக இருந்தது. மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தில், நார்மன் நகரில், கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஜார்ஜ் மக்லாரின் என்ற முதிய கறுப்பின ஆசிரியரை வகுப்பறைக்குப் பக்கத்து அறையில் தனியாக உட்காரவைத்தார்கள். நூலகத்தில் அவருக்குத் தனி மேசை. உணவகத்தில் மற்றவர்கள் சாப்பிடாத நேரம்தான் அவருக்கு. சாத்தாராப் பள்ளியில் கோணிச்சாக்கைக் கொண்டுபோய் மூலையில் விரித்து உட்கார்ந்த சிறுவன் பீமராவை அறிந்த நமக்கு, அந்தத் தனி மேசையின் உயரம், அகலம் எல்லாம் தெரியும். மக்லாரின் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1950 ஜூனில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஸ்டில்வாட்டரில் 1949இல் சேர்ந்த முதல் கறுப்பின மாணவி நான்சி ராண்டால்ஃப் டேவிஸும் தொடக்கத்தில் வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்துதான் பாடம் கேட்டார்.

1949இலேயே பிரைட் அந்த ஊர் மைதானத்தில் ஆடியிருக்கிறார். அங்கே ஆடிய முதல் கறுப்பர் அவர். அன்று அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. அப்போது அவர் வெளியூர் அணியில் வந்த ஒரு புதுப்பையன், அவ்வளவுதான். 1951இல் அதே மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது அவர் நாட்டின் முதல் ஆட்டக்காரர். செய்தித்தாள்களில் படம் வருகிறது. ஹைஸ்மன் பேச்சு அடிபடுகிறது. டிரேக் அணி அந்தப் பருவத்தில் அதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இந்த முறைதான் தாடை உடைந்தது.

நான் இந்தக் கதையை எடுத்துக்கொண்டதே இந்த இரண்டு வருகைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்காகத்தான். தகுதி, திறமை என்று நமக்குச் சொல்லப்படும் உபதேசம் உங்களுக்குத் தெரியும். "நீ திறமையைக் காட்டு, சாதி தானாகப் போய்விடும்" என்பார்கள். பிரைட் காட்டினார். அவர் அளவுக்குக் காட்டியவர் அந்த நாட்டில் அன்று வேறு ஒருவர் இல்லை. திறமை காட்டாத பிரைட்டை ஸ்டில்வாட்டர் பொறுத்துக்கொண்டது. திறமை காட்டிய பிரைட்டைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஓரத்தில் நிற்கும்வரை சகித்துக்கொள்வார்கள், நடுவுக்கு வந்தால்தான் கை ஓங்கும். புது மோட்டார் சைக்கிள், மாடி வீடு, மாப்பிள்ளை ஏறிய குதிரை என்று நம் ஊரில் தாக்குதலுக்குச் சொல்லப்படும் காரணங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றுகூட இழிநிலை பற்றியதாக இருக்காது. எல்லாமே உயர்வு பற்றியவை.

ஆட்டத்துக்கு முன்பே அந்த ஊரில் பேச்சு பரவியிருந்தது. பிரைட் குறிவைக்கப்பட்டவர், ஆட்டம் முடியும்வரை களத்தில் இருக்கமாட்டார் என்று மாணவர்கள் சொல்வதாகக் கல்லூரி மாணவர் பத்திரிகையிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. ரகசியச் சதி ஒன்றுமில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டெ மாய்ன் ரிஜிஸ்டர் நாளிதழின் புகைப்படக்காரர்கள் டான் உல்டாங், ஜான் ராபின்சன் இருவரும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கேமராவைப் பிரைட் மீதே வைத்திருந்தார்கள். மறுநாள் பதிப்புக்குப் படம் போய்ச்சேர வேண்டும் என்பதால் ஆட்டத்தின் முதல் கால்பகுதிவரைதான் இருப்பதாக அவர்கள் திட்டம். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

முதல் ஏழு நிமிடங்களுக்குள் பிரைட் மூன்று முறை நினைவிழந்து விழுந்தார். மூன்று முறையும் அடித்தவர் ஒருவரே, எதிரணியின் தடுப்பாட்டக்காரர் வில்பேங்க்ஸ் ஸ்மித். கடைசி அடியில் தாடை எலும்பு உடைந்தது. உடைந்த தாடையோடு எழுந்து நின்று, சில நகர்வுகளுக்குள் 61 கெஜத் தொலைவுக்கு ஒரு பந்தை எறிந்து தன் அணிக்கு ஆறு புள்ளி வாங்கிக்கொடுத்தார். அதன் பிறகு அவரால் ஆட முடியவில்லை. டிரேக் 27க்கு 14 என்று தோற்றது. டிரேக்குக்காக ஆடிய மூன்று ஆண்டுகளில் பிரைட்டின் கணக்கு நூறு கெஜத்துக்குக் கீழே போன முதல் ஆட்டம் அது.

ரிஜிஸ்டர் வெளியிட்டது ஆறு படங்களின் வரிசை. அதை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். பிரைட் பந்தைத் தன் அணியின் இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார். பந்து அங்கிருந்து நகர்ந்துவிட்டது. ஆட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. பிரைட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையில் ஒன்றுமில்லை. அப்போதுதான் ஸ்மித் வந்து முகத்தில் இடிக்கிறார். பந்து வைத்திருப்பவரை மோதுவது ஆட்டம் என்று முதலில் சொன்னேன். இங்கே பந்து இல்லை. ஒரே ஒரு படம் மட்டும் இருந்திருந்தால் "விளையாட்டின் வேகத்தில் பட்டுவிட்டது" என்று சொல்லி முடித்திருப்பார்கள். வரிசையாக ஆறு படங்கள் இருந்ததால் பந்து எங்கே, ஆள் எங்கே, கை எங்கே என்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1952இல், புகைப்படத்துக்கான புலிட்சர் பரிசு அவற்றுக்குக் கிடைத்தது.

படம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அதே அயோவா மாநிலத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா மாநிலக் கல்லூரியின் முதல் கறுப்பின விளையாட்டு வீரர் ஜாக் டிரைஸ். 1923 அக்டோபர் 6 அன்று மினசோட்டாவுடனான ஆட்டத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்த பிறகும் தொடர்ந்து ஆடினார். பிறகு பலர் காலில் மிதிபட்டார். இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 21. தன் இனத்தின் மானம் தன் ஆட்டத்தில் இருக்கிறது என்று முந்தைய இரவு தனக்குத்தானே எழுதிவைத்த ஒரு கடிதம் பிறகு கிடைத்தது. மிதித்தது தற்செயலா, வேண்டுமென்றா என்று நூறு ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. 1934இல் அயோவா பல்கலைக்கழகத்தின் கறுப்பின ரன்னிங் பேக் ஆஸி சிம்மன்ஸ், மீண்டும் மினசோட்டாவுடனான ஆட்டத்தில், அடிமேல் அடி வாங்கிக் களத்தைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டு ஆட்டத்துக்கு முன் இரு மாநில மக்களிடையே கொந்தளிப்பு. அதைத் தணிக்க ஆளுநர்கள் இருவரும் ஒரு பன்றியைப் பந்தயம் கட்டினார்கள். அந்தப் பன்றியின் பெயரில் செய்த வெண்கலக் கோப்பைக்காக இன்றும் இரு பல்கலைக்கழகங்களும் மோதுகின்றன. ஒரு கறுப்பரின் உடல்மீது விழுந்த அடிகள் பன்றிப் பந்தயமாக, வேடிக்கைக் கதையாக மாறிப்போயின. சிம்மன்ஸுக்கு அதற்குப் பிறகு தேசியத் தொழில்முறை லீகிலும் வழியில்லை. 1934 முதல் 1945 வரை அந்த லீகில் ஒரு கறுப்பரும் ஆடவில்லை.

ஆக பிரைட் மூன்றாவது ஆள். கேமரா இருந்தது மட்டும் வேறுபாடு.

சரி, கேமரா என்ன சாதித்தது? ஓக்லஹோமா கல்லூரி குற்றத்தை ஏற்கவில்லை. கூட்டமைப்பு ஸ்மித்தையோ கல்லூரியையோ ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்த மறுத்தது. முரட்டு ஆட்டம் என்று பேசினார்கள், ஆட்டத்தில் அடிபடுவது சகஜம் என்று பேசினார்கள். இனவெறி என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை. ஸ்டில்வாட்டரிலிருந்து தொலைவில்லாத டல்சா நகரில் 1921இல் கறுப்பர்களின் கிரீன்வுட் பகுதியையே எரித்தார்கள். அதற்கு "கலவரம்" என்று பெயர் வைத்தார்கள். கலவரத்துக்கு இழப்பீடு கிடையாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. வெண்மணியைக் கூலித் தகராறு என்றும், சேரிக்குள் புகுந்து அடிப்பதை "இரு தரப்பினர் மோதல்" என்றும் வாசித்துப் பழகியவர்கள் நாம். அந்தச் சொல் எங்கே விழுகிறது, எதைக் காப்பாற்றுகிறது என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

சட்டம் படிக்கும் மாணவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், கடுமையான குற்றங்களுக்கான ஓர் உட்பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் "என்ற காரணத்துக்காக" குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று கேட்டது. அந்த ஒரு தொடரின் மீதே எத்தனையோ வழக்குகள் உடைந்தன. அடித்தது உண்மை, கொன்றது உண்மை, ஆனால் சாதிக்காக என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். 2015ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை, இன்னார் என்று "தெரிந்தே" செய்திருந்தால் போதும் என்று மாற்றியது. ஸ்டில்வாட்டரில் பிரைட் யாரென்று தெரியாதவர் யார்?

நடந்தவற்றில் மதிக்கத்தக்கது டிரேக் பல்கலைக்கழகத்தின் செயல். நீதி கிடைக்காது என்று தெரிந்ததும் அது கூட்டமைப்பைவிட்டே வெளியேறியது. பிராட்லி பல்கலைக்கழகமும் தோழமையோடு கூடவே வெளியேறியது. சிறிய பல்கலைக்கழகத்துக்குக் கூட்டமைப்பை இழப்பது என்றால் ஆட்டங்களை, வருமானத்தை, பெயரை இழப்பது. கண்டனத் தீர்மானம் போட்டுவிட்டு அடுத்த வாரம் அதே மைதானத்தில் ஆடப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆதரவு என்று நம்மிடம் கைகுலுக்க வருபவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது இதைத்தான்: நீங்கள் எதை இழக்கத் தயார்? டிரேக் கால்பந்து அந்தக் கூட்டமைப்புக்குத் திரும்பியது 1971இல்தான்.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வும் ஒன்று செய்தது. மோதல் பற்றிய விதிகளை இறுக்கியது. முகக்காப்போடு கூடிய தலைக்கவசத்தை வலியுறுத்தியது. அமெரிக்க விளையாட்டு எழுத்தில் பிரைட்டின் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சோடு முடியும். ஓர் இளைஞனின் தாடை உடைந்தது, அதனால் எல்லா இளைஞர்களின் தாடையும் பாதுகாக்கப்பட்டது என்று எழுதுவார்கள். பிரைட்டே 1980இல் ஒரு பேட்டியில் ஏறத்தாழ இப்படிச் சொன்னார். அடி இனவெறியால் விழுந்தது என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, தன் உடைந்த தாடை கல்லூரி விளையாட்டைச் சற்று மேம்படுத்தியிருக்கிறது என்றார். அடிபட்டவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு, அதில் ஒரு கம்பீரமும் இருக்கிறது. அந்த வாக்கியத்தின் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முற்பாதியை விட்டுவிட மற்றவர்களுக்கு உரிமை கிடையாது. முகக்காப்பு வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒன்றுபோலக் கிடைத்தது. கேள்வியோ, ஏன் அந்த ஒரு முகம் குறிவைக்கப்பட்டது என்பது. எலும்புக்கு மருந்து போட்டு வழக்கை மூடிவிட்டார்கள்.

தாடையைக் கம்பியால் கட்டியதால் பிரைட் அந்தப் பருவத்தின் மிச்சத்தில் சரியாக ஆட முடியவில்லை. ஆனாலும் கல்லூரி வாழ்க்கை முடிந்தபோது அவர் மொத்தக் கணக்கு 5,900 கெஜத்துக்கு மேல். அன்றைக்கு அதுவும் சாதனையே. 1952இல் தொழில்முறை லீகின் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. போயிருந்தால் அந்த அணியின் முதல் கறுப்பர்களில் ஒருவராக இருந்திருப்பார். லீகில் தென்மாநில வீரர்கள் நிறையப் பேர் வந்துகொண்டிருந்த காலம், என்ன நடத்தை கிடைக்கும் என்று தனக்குத் தெரியவில்லை என்று பிறகு விளக்கினார். அவர் போகவில்லை. எல்லையைத் தாண்டிக் கனடா போனார்.

கால்கரி அணியில் தொடங்கி, 1954இல் எட்மண்டன் அணிக்கு மாறினார். 1954, 55, 56 மூன்று ஆண்டுகளும் எட்மண்டன் கனடாவின் கிரே கோப்பையை வென்றது. 1957இல் 1,679 கெஜம், 1958இல் 1,722 கெஜம் ஓடினார். 1959இல் கனடிய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பர் அவர். 1964இல் ஓய்வுபெற்றபோது 10,909 கெஜம். அதுவரை அந்த லீகில் அவ்வளவு ஓடியவர் யாருமில்லை. (கனடாவையும் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். அந்த எட்மண்டன் அணி இனுயிட் பழங்குடியினரை இழிவுசெய்யும் ஒரு சொல்லைத் தன் பெயராக 2020 வரை வைத்திருந்தது.)

டிரேக்கில் அவர் பட்டம் பெற்றது கல்வியியலில். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே எட்மண்டனில் ஆசிரியரானார், பயிற்சியாளரானார், பின்னர் நடுநிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியர். 1962இல் கனடியக் குடிமகனும் ஆனார். 1983 டிசம்பர் 14 அன்று, பழைய ஆட்டங்களில் தேய்ந்த முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 53. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது அதற்கு மறு ஆண்டு.

ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதியது. 2005 செப்டம்பரில். அடி விழுந்து 54 ஆண்டு, பிரைட் இறந்து ஏறக்குறைய 22 ஆண்டு. கடிதம் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரிடமிருந்து டிரேக் பல்கலைக்கழகத்தின் தலைவருக்கு எழுதப்பட்டது. மறு ஆண்டு டிரேக் தன் கால்பந்துக் களத்துக்கு ஜானி பிரைட் களம் என்று பெயரிட்டது. எட்மண்டனில் 2010இல் அவர் பெயரில் ஒரு பள்ளி திறந்தார்கள். அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள்.